மோட்டார் வண்டிக் காவலும் சாய்வுணரியும்

காவற்காரன் ஒருவனுக்கு இன்றியமையாத இயல்புகள் இரண்டு. கள்வன் வரும்பொழுது உறங்காதிருத்தல் ஒன்று. கள்வன் வாராதபொழுது கூவாதிருத்தல் மற்றொன்று. முன்னையதைப் பலரும் எண்ணுவர். பின்னையதை எண்ணுவோர் சிலரே. புலி வருகிறது என்று பன்முறை பொய்யாகக் கூவிய இடைச்சிறுவனுக்கு, மெய்யாகவே புலி வந்த நாளில் ஊரார் ஒருவரும் உதவ வந்திலர் என்னுங் கதை சிறுவரும் அறிந்ததொன்று. மோட்டார் வண்டிகளுக்குக் காவலாகப் பொருத்தப்படும் அபாயமணிகளுக்கும் இக்கதி நேர்ந்ததுண்டு. அம்மணியின் உறுப்புக்களுள் ஒன்றாகிய சாய்வுணரியை எவ்வாறு தேர்ந்துகொள்ளல் வேண்டும் என்பதை ஆராயப் புகுவோர், மேற்கூறிய இரண்டு இயல்புகளையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும்.

வண்டியின் கதவைத் திறப்பவனை அறிதற்குக் கதவிற் பொருத்திய ஓர் ஆளி போதும். கண்ணாடியை உடைப்பவனை அறிதற்கு அதிர்வை உணருங் கருவி உண்டு. ஆயின், கதவைத் திறவாமலும் கண்ணாடியை உடையாமலும் களவு செய்வோர் உளர். சில்லுகளைக் கழற்றிச் செல்வோர் ஒரு வகையினர். வண்டியின் ஒரு முனையைத் தூக்கி மற்றொரு வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் செல்வோர் இன்னொரு வகையினர். வண்டியின் அடியிலுள்ள ஊக்கி மாற்றியை அறுத்தெடுப்போர் மூன்றாம் வகையினர். எஞ்சினிலிருந்து வெளிவரும் நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தனவாக மாற்றும் உறுப்பே ஊக்கி மாற்றி எனப்படுவது. பிளாற்றினம், பலேடியம், உரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் அதனுள்ளே மெல்லிய பூச்சாக அமைந்துள்ளன. 2019 ஆம் ஆண்டையடுத்துப் பலேடியம், உரோடியம் ஆகியவற்றின் விலை பெரிதும் உயர்ந்தது. உயரவே இலண்டன் மாநகரிலும் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் இக்களவு பெருகியது. பெற்றோலினாலும் மின்னினாலும் மாறிமாறி இயங்கும் ரொயோட்டா பிரியஸ் போன்ற வண்டிகள் கள்வர்க்குச் சிறந்த இலக்காயின. அவற்றின் எஞ்சின் இடையிடையே ஓய்ந்திருத்தலால் ஊக்கியிலுள்ள உலோகம் குறைவாகவே தேய்கின்றது என்பது அதற்குக் காரணமாகக் கூறப்படும். கள்வர் வண்டியின் ஒரு பக்கத்தை 'ஜக்கு' என வழங்குந் தூக்குகருவியால் உயர்த்தி, குழாயை இருபுறமும் அறுத்துச் சில நிமிடங்களுள் மறைந்துவிடுவர். கதவிலுள்ள ஆளி இதனைச் சிறிதும் அறியாது.

இம்மூவகைக் களவுக்கும் பொதுவான செயல் ஒன்றுண்டு. வண்டியின் உடல் முன்னிருந்த நிலையிலிருந்து சாய்தலே அஃது. அச்சாய்வை அறிந்து மணியை ஒலிப்பிக்குங் கருவியே சாய்வுணரியாகும்.

முதற்கண், அறியவேண்டிய சாய்வு எவ்வளவினது என்பதைக் கணித்தல் வேண்டும். சிறிய மோட்டார் வண்டி ஒன்றில் இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் 1.5 மீற்றர் எனவும், முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் 2.6 மீற்றர் எனவுங் கொள்க. ஒரு பக்கத்தை 10 சென்ரிமீற்றர் உயர்த்தினால் உடல் ஏறத்தாழ 4 பாகை சாயும். இழுத்துச் செல்வோர் முன்முனையை 30 சென்ரிமீற்றர் தூக்கினால் சாய்வு ஏறத்தாழ 6½ பாகையாகும். ஒரு மூலையை மட்டும் உயர்த்தும்பொழுது சாய்வு நீளப்பாட்டிலும் அகலப்பாட்டிலும் பகிரப்பட்டு, ஒவ்வொன்றும் இவற்றினுங் குறைந்துவிடும். ஆகவே, ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட பாகைகளை ஐயமின்றி அறியவல்ல உணரியே பயன்படும் என்பது பெறப்படும். காவல் செய்வோர்க்குத் துணையான செய்தி ஒன்றும் இங்கு உண்டு. வண்டியின் உடல் சில்லுகளின் மேல் விற்சுருள்களால் தாங்கப்பட்டுள்ளது. ஜக்கு உடலைத் தூக்கும்பொழுது, அமுங்கியிருந்த சுருள்கள் முதலில் விரிகின்றன. சில்லு அதன் பின்னரே நிலத்தை விட்டெழுகின்றது. எனவே, சில்லு நிலத்திலிருந்து விடுபடுமுன்னரே உடல் போதிய அளவு சாய்ந்துவிடுகின்றது.

இனி, சாய்வுணரி எதனை உணர்கின்றது என்பது நோக்கற்பாலது. கொத்தர் சுவரின் நேர்மையைத் தூக்குக்குண்டினாற் சோதிப்பர். சுவர் சாய்ந்தாலும் குண்டு சாயாது. புவியீர்ப்பின் திசையிலேயே அது தொங்கும். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடே சுவரின் சாய்வு. சாய்வுணரிகள் யாவும் இத்தத்துவத்தின்மேல் எழுந்தவையே. அவற்றுள் ஒரு திணிவு இருக்கும்; அதன்மேல் எத்திசையில் விசை தாக்குகின்றது என்பதையே கருவி அறியும். அவ்விசை புவியீர்ப்பால் விளைந்ததா, உலுக்கலால் விளைந்ததா என்பதைத் திணிவு பகுத்தறியாது. 1893 ஆம் ஆண்டிலே கிறைடல் என்னும் ஒஸ்திரிய அறிஞர் இறாலைக் கொண்டு நிகழ்த்திய சோதனை இதனை நன்கு விளக்கும். இறால் தன் தலையிலுள்ள சிறு குழியில் மணற்றுணிக்கைகளை இட்டு, அவை அழுத்துந் திசையைக் கொண்டு மேல் கீழ் அறியும். தோலுரிக்குந்தோறும் அது புதிய துணிக்கைகளைத் தேடி இடுதல் வேண்டும். கிறைடல் மணலுக்குப் பதிலாக இரும்புத் துகளை வைத்தார். இறால் அதனையே எடுத்து இட்டுக்கொண்டது. பின்னர் மேலே காந்தத்தைப் பிடித்தபொழுது இறால் தலைகீழாகத் திரும்பியது. நேர் நின்ற இறால் தான் கவிழ்ந்துவிட்டதாக எண்ணி ஏமாந்ததுபோல, சாயாத வண்டியின் உணரியும் ஓர் உலுக்கலைச் சாய்வென எண்ணி ஏமாறுதல் கூடும். பொய்க்கூவலின் மூலம் இதுவேயாம்.

உணரிகளின் வகைகளை இனி முறையே காண்க. அவற்றுள் மிகப் பழையது ஊசலும் வளையமும் கொண்டது. உலோக வளையம் ஒன்றின் நடுவே ஓர் ஊசல் தொங்கும். சாய்வு மிகுந்தால் ஊசல் வளையத்தைத் தொட்டு மின்சுற்றைப் பூர்த்தியாக்கும். 1930களில் அமெரிக்காவில் காசிட்டு ஆடும் 'பின்போல்' விளையாட்டுப் பொறிகளை ஆடுவோர் தூக்கிச் சாய்த்து ஏமாற்றாவண்ணம் இத்தகைய அமைப்பே பொருத்தப்பட்டது. விளங்குதற்கு எளிது, ஆயின் சிறு அதிர்வுக்கும் ஊசல் ஆடிவிடும்.

இரண்டாவது இரச ஆளி. சிறிய கண்ணாடிக் குழாயினுள் ஒரு துளி இரசமும் இரண்டு கம்பி முனைகளும் இருக்கும். குழாய் சாய இரசம் ஓடி இருமுனைகளையும் இணைக்கும். இரசம் திரவமாயும் மின்கடத்தியாயும் இருத்தலால் இணைப்பு நன்கமையும், முனைகள் தேய்வதுமில்லை. மோட்டார் வண்டிகளின் எஞ்சின் மூடியைத் திறந்தவுடன் விளக்கை எரியச்செய்வதற்கும் இவ்வாளி அமெரிக்காவில் நெடுங்காலம் பயன்பட்டது. எனினும் இரசம் கொடிய நஞ்சு. யப்பானிலுள்ள மினமாட்டாக் குடாவில் இரசச் சேர்வை கலந்த மீனையுண்ட மக்களுக்கு நேர்ந்த பெருநோய் 1956 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே 2013 ஆம் ஆண்டில் ஓர் உலக உடன்படிக்கை எழுந்து, 2017 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. சில விலக்குகள் நீங்கலாக, இரச ஆளிகளைச் செய்தலும் ஏற்றுமதி இறக்குமதி செய்தலும் 2020 ஆம் ஆண்டுடன் ஒழிதல் வேண்டும் என அது விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு முன்னரே, 2003 ஆம் ஆண்டு யூலை முதலாகச் சந்தைக்கு வரும் புதிய வண்டிகளில் இரசத்தைப் பெரும்பாலும் விலக்கியிருந்தது. ஆகவே, பழைய கையேடுகளிற் புகழப்படினும் இவ்வகை இக்காலத் தேர்வுக்கு உரியதன்று.

மூன்றாவது குண்டாளி. இரசத்துக்குப் பதிலாகச் சிறிய உலோகக் குண்டு ஒன்று கூட்டினுள் உருளும். விலை மிகக் குறைவு, நஞ்சுமில்லை. ஆயின் அது தொழிற்படுங் கோணம் பெரும்பாலும் பதினைந்து பாகைக்கும் மேற்பட்டது. நாலு பாகைச் சாய்வை அறிதற்கு உதவாது. குண்டு துள்ளுந்தோறும் இணைப்பு விட்டுவிட்டு உண்டாதலுமுண்டு. கீழே விழுந்ததையோ கவிழ்ந்ததையோ அறியவேண்டிய கருவிகளுக்கே அது பொருந்தும்.

நான்காவது மின்பகுதிரவ உணரி. கொத்தர் கையாளும் நீர்மட்டத்தைப் போன்று, இது சிறிய குப்பியில் மின்கடத்துந் திரவத்தையும் காற்றுக் குமிழியையும் உடையது. தமிழில் நீர்மட்டத்துக்கு இரசமட்டம் என்றும் பெயர் வழங்குதல் இங்கு நினைவுகூரத்தக்கது. திரவத்துள் நிற்கும் மின்முனைகள் சாய்வுக்கேற்பக் கூடியோ குறைந்தோ நனையும். அவற்றிடையுள்ள மின்தடையும் அதற்கேற்ப மாறும். இவ்வகை மிக நுண்ணிய சாய்வையும் அளக்கவல்லது. எனினும் நேரோட்டம் செலுத்தினால் திரவம் மின்பகுப்படைந்து கெட்டுவிடுமாதலின் ஆடலோட்டமே செலுத்துதல் வேண்டும். குளிரில் திரவத்தின் பாகுநிலை மிகும். உலுக்கினால் திரவம் அலைபாயும். நிலத்தில் நிலையாக ஊன்றிய அளவைக் கருவிகளுக்கு இது சிறந்தது. மோட்டார் வண்டிக்கோ சிக்கலும் செலவும் மிக்கது.

ஐந்தாவது சிலிக்கன் ஆர்முடுகன்மானி. இதில் ஊசலோ திரவமோ இல்லை. சிலிக்கனிற் செதுக்கிய நுண்ணிய திணிவொன்று, அதே சிலிக்கனாலான விற்களில் தொங்குகின்றது. சாய்வு உண்டாக, அத்திணிவு மிகச் சிறிது நகரும். நகரவே, அருகிலுள்ள தகடுகளுடன் அது கொண்ட மின்கொள்ளளவம் மாறும். அம்மாற்றத்தைச் சுற்று எண்ணாகத் தருகின்றது. இக்கருவி அபாயமணிக்காகத் தோன்றியதன்று. மோதலின்போது பயணிகளைக் காக்கும் காற்றுப்பைகளை விரியச்செய்தற்காக 1990களின் தொடக்கத்தில் வண்டிகளில் இடம்பெறத் தொடங்கியது. 1998 ஆம் ஆண்டு வகைகள் முதலாகப் பயணிகள் வண்டிகள் யாவற்றிலும் முன்னிருக்கைகளுக்குக் காற்றுப்பை இருத்தல் வேண்டும் என அமெரிக்கச் சட்டம் விதித்ததும், பின்னர்க் கைத்தொலைபேசிகள் இக்கருவியைக் கைக்கொண்டதும் அதன் விலையைப் பெரிதுங் குறைத்தன. வண்டிக் காவலுக்கு இன்று தேர்தற்குரியது இதுவே.

ஆயினும், வகையைத் தேர்ந்த அளவில் வேலை முடிந்துவிடுவதில்லை. ஆர்முடுகன்மானியின் எந்த அச்சை நம்புவது என்னும் வினா உடனே எழும். நிலைக்குத்தாய் நிற்கும் அச்சு புவியீர்ப்பை முழுமையாகப் பெறும். வண்டி சாய்ந்தால் அது சாய்வின் கோசைனுக்கேற்பக் குறையும். கிடையாய் நிற்கும் அச்சு முதலில் ஈர்ப்பைச் சிறிதும் பெறாது. வண்டி சாய்ந்தால் சாய்வின் சைனுக்கேற்பப் பெறத் தொடங்கும். நாலு பாகைச் சாய்வை இவ்விரண்டிலும் இட்டுப் பார்க்க. நிலைக்குத்து அச்சில் உண்டாகும் மாற்றம் ஈர்ப்பின் ஆயிரத்தில் 2.4 பங்கு மாத்திரமே. கிடையச்சில் உண்டாகும் மாற்றமோ ஆயிரத்தில் 70 பங்கு. சந்தையிற் பெருவழக்காயுள்ள உணரிகளிற் சில ஆயிரத்தில் 4 பங்கு என்னும் படிகளாகவே அளவிடுகின்றன. அத்தகைய உணரியின் நிலைக்குத்து அச்சை மட்டும் நம்பியவன், நாலு பாகை சாய்ந்த வண்டியையும் அசையாத வண்டியென்றே கொள்வான். அதே உணரியின் கிடையச்சோ ஒரு பாகைச் சாய்வையும் ஆயிரத்தில் 17 பங்குக்கு மேற்பட்ட மாற்றமாகத் தெளிவுறக் காட்டும். விலைமிக்க உணரியை வாங்குவதினும் உள்ள உணரியை உரியவாறு நிறுத்துதல் நன்று என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. கிடையச்சுக்கள் இரண்டும், அஃதாவது நீளப்பாட்டில் ஒன்றும் அகலப்பாட்டில் ஒன்றும் வேண்டும். ஒன்றே இருப்பின், முனையைத் தூக்குபவனையோ பக்கத்தை உயர்த்துபவனையோ தவறவிட நேரும்.

உணரியை வண்டியின் எம்மூலையில் வைப்பது எனப் பலர் மயங்குவர். வண்டியின் உடல் விறைப்பான பொருளாதலின், அது சாயும்பொழுது அதன் எல்லாப் புள்ளிகளும் ஒரே கோணத்தினாலேயே திரும்பும். எனவே சில்லுக்கு அருகே வைத்தலால் ஒரு நயமுமில்லை. எஞ்சினின் வெப்பத்துக்கு அப்பால், உடலின் உலோகத்தோடு உறுதியாகப் பிணித்தலே வேண்டுவது. கம்பிக்கட்டில் தொங்கவிட்ட உணரி தன் ஆட்டத்தையே வண்டியின் ஆட்டமாகக் கூறும்.

இனி, பொய்க்கூவலைத் தவிர்க்கும் வழி யாது? வண்டிகள் எப்பொழுதும் சமதரையில் நிறுத்தப்படுவதில்லை. மேட்டில் நிறுத்திய வண்டி முன்னரே சாய்ந்துள்ளது. இரச ஆளியும் குண்டாளியும் ஒரு குறித்த கோணத்தையே அறியுமாதலின் அவை இங்கு இடர்ப்படும். ஆர்முடுகன்மானியோ வண்டியைப் பூட்டிய சிறிது நேரத்தில் உள்ள சாய்வை அடிநிலையாகக் கொண்டு, அதனினின்று உண்டாகும் மாற்றத்தையே நோக்குமாறு அமைக்கத்தக்கது. பத்துப் பாகை மேட்டில் நிற்கும் வண்டியை மேலும் நாலு பாகை உயர்த்தினாலும் கிடையச்சின் மாற்றம் ஆயிரத்தில் 68 பங்காகவே இருத்தலின், உணர்திறன் அங்கும் குன்றுவதில்லை.

மாற்றங்களும் மூவகைப்படும். காற்று மோதுதலாலும் பெரிய லொறிகள் அருகே செல்வதாலும் உண்டாவன விரைவானவை. விற்சுருள்களின் மேல் உடல் செக்கனுக்கு ஒன்றிரண்டு முறை ஆடி அடங்கும். இரண்டு முதல் ஐந்து செக்கன் வரையுள்ள அளவீடுகளைச் சராசரி கண்டால் ஆட்டம் தானே கழிந்துபோக, நிலையான சாய்வு மட்டும் எஞ்சும். சராசரியை ஒரு நிமிடத்துக்கு நீட்டின் கள்வன் தன் வேலையைத் தொடங்கிவிடுவான். ஆதலின் இங்கும் அளவறிதல் வேண்டும். பொய்யொலியைக் குறித்து உலக விதிகளும் கவலைகொண்டுள்ளன. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின்கீழ் 1990களில் எழுந்த 97 ஆம் வாகன ஒழுங்குவிதி, மென்மையான அரைக்கோள வடிவப் பொருளொன்று 4.5 யூல் சத்தியுடன் வண்டியின் எவ்விடத்தில் மோதினும் மணி ஒலித்தலாகாது என விதித்தது.

மெல்ல நிகழ்வன மற்றொரு வகை. சில்லிலிருந்து காற்றுக் கசிந்து உடல் ஒருபுறம் 5 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் ஏறத்தாழ இரண்டு பாகைச் சாய்வு உண்டாகும். அதற்கு ஓரிரவு முழுதுஞ் செல்லலாம். 1955 ஆம் ஆண்டில் வெளிவந்த சித்ரொயென் டீ.எஸ். வண்டியின் உடல், எஞ்சினை நிறுத்திய பின்னர் மெல்லமெல்லத் தாழ்ந்தது. அதன் திரவ விற்களின் இயல்பு அது. இவையன்றி உணரியின் பூச்சிய நிலையும் வெப்பத்தால் நகரும். செல்சியசுப் பாகை ஒன்றுக்கு ஈர்ப்பின் ஆயிரத்தில் அரைப் பங்கு நகர்வதாகக் கொண்டால், இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே 20 பாகை வெப்ப வேறுபாடு அரைப் பாகைக்கு மேற்பட்ட பொய்ச்சாய்வைத் தோற்றுவிக்கும்.

இவ்விரண்டிற்கும் நடுவே, சில செக்கன் முதற் சில நிமிடம் வரை தொடர்ந்து ஒரே திசையில் வளரும் மாற்றமே கள்வனின் செயல். மெல்லிய மாற்றங்களை அடிநிலை தானே பின்தொடர்ந்து விழுங்குமாறு செய்தால் பொய்க்கூவல் ஒழியும். ஆயின் கூர்த்த கள்வன் மிக மெல்ல உயர்த்தி இதனை ஏமாற்றலாகாதோ எனின், பின்தொடரும் வேகத்துக்கு எல்லை வகுத்தலே விடையாகும். நிமிடத்துக்குப் பாகையின் பத்திலொரு பங்குக்கு மேல் அடிநிலை நகராது என அமைப்பின், நாலு பாகை உயர்த்த விரும்பும் கள்வன் நெடுநேரம் வண்டியினருகே இருந்தாக வேண்டும். அத்துணை நேரம் தெருவில் குந்தியிருக்கத் துணிபவன் அரியன்.

மின்செலவும் கருதத்தக்கது. வண்டி நின்றபோதும் காவல் நிற்றலாகாது. மின்கலவடுக்கின் கொள்ளளவு 45 அம்பியர்-மணி எனக் கொள்க. காவற்கருவி 10 மில்லி அம்பியர் பெறுமாயின் நாளொன்றுக்கு 0.24 அம்பியர்-மணி செலவாகி, அடுக்கின் பாதி தீர ஏறத்தாழ மூன்று மாதமாகும். 50 மில்லி அம்பியர் பெறுமாயின் பத்தொன்பது நாளிலேயே பாதி தீர்ந்துவிடும். ஆர்முடுகன்மானி தனக்கெனக் கொள்வது மில்லி அம்பியரின் சிறுகூறேயாதலின், இவ்வகையிலும் அதுவே முந்தி நிற்கின்றது.

சாய்வுணரியின் எல்லையையும் மறைத்தல் தகாது. வண்டியை நாற்புறமும் சமமாகத் தூக்கி ஏற்றினால் நிலையான சாய்வு உண்டாவதில்லை. அங்கு அசைவை அறியும் பிறிதோர் உணரி துணைசெய்தல் வேண்டும். கப்பலிலோ புகைவண்டியிலோ வண்டியை ஏற்றிச் செல்லும்பொழுது, கள்வன் இல்லாமலே சாய்வு உண்டாகும். அதனாலேயே உற்பத்தியாளர் பலர் அவ்வேளைகளில் இவ்வுணரியை மட்டும் நிறுத்திவைக்குமாறு தம் கையேடுகளில் அறிவுறுத்துகின்றனர். அவ்வாறு நிறுத்தும் வசதியற்ற கருவியை வாங்குதல் நன்றன்று.

தொகுத்து நோக்குமிடத்து, இரு கிடையச்சுக்களையுடைய ஆர்முடுகன்மானியைத் தேர்தல். அதனை உடலோடு உறுதியாகப் பிணித்தல். நின்ற நிலையை அடிநிலையாகக் கொண்டு ஒன்றரைப் பாகையளவில் எல்லை வகுத்தல். விரைவான ஆட்டத்தையும் மிக மெல்லிய மாற்றத்தையும் விலக்குதல். மின்செலவைக் குறைத்தல் என்னும் ஐந்தும் தேர்வின் இலக்கணமாம். வாங்குவோர் பெரும்பாலும் உணர்திறனொன்றையே வினாவுவர். உணர்திறன் மிகுந்த உணரி இன்று எளிதிற் கிடைக்கும். விலக்கவேண்டியதை விலக்கும் அமைப்பே அரிது. நள்ளிரவில் காரணமின்றிப் பலமுறை ஒலித்த மணியை அயலார் ஈற்றில் கேளாதோராய் உறங்கிவிடுவர். உடையவனும் சலிப்புற்று அதனை நிறுத்திவிடுவான். மணி வண்டியைத் தானே காப்பதில்லை. அவ்வொலியைக் கேட்டுப் பலகணியைத் திறந்து பார்க்கும் மனிதரே வண்டியைக் காக்கின்றனர். அவர் நம்பிக்கையைக் கெடாது பேணும் உணரியே நல்ல உணரியாகும்.